வெனிசுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஐரோப்பியச் சுற்றுலாப் பக்கத்தைப் படித்தேன். பல நாடுகளைப் பத்தே நாளில் பார்த்துத் திரும்பும் திட்டம் அது. மற்ற ஊர்களுக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று பிரித்துக் கொடுத்தவர்கள், வெனிசுக்கு ஒதுக்கியிருப்பது இரண்டு மணி நேரம். காதலர்களின் நகரம், தேனிலவுக்கு ஏற்றது, கோண்டோலா என்ற துடுப்புப் படகில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்பதோடு வெனிஸ் கதை முடிந்துவிட்டது. அந்த ஊரை நிதானமாகச் சுற்றிப் பார்த்தவள் என்ற முறையில் இதை மறுத்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் தூத்துக்குடி. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது இத்தாலியில், படோவா நகரில் மகள் வீட்டில் இருக்கிறாள். நம் கடற்கரை ஊர்களில் கொடியேற்றித் திருவிழா எடுக்கிறோமே பதுவை அந்தோனியார், அவருடைய ஊர்தான் அது. அங்கிருந்து வெனிசுக்கு ரயிலில் அரை மணி நேரம். சென்ற அக்டோபரில் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, "ஏட்டி, வெனிசுக்குப் போவோம். ஆனா ஓடக் கூடாது. ரெண்டு பேருக்கும் முட்டு தேஞ்சு கெடக்கு. மெதுவா நடப்போம், ராத்திரி அங்கயே தங்கிட்டு வருவோம்" என்றாள். அறுபது கடந்த இரண்டு பெண்கள் சேர்ந்து போய்ப் பார்த்த ஊரைப் பற்றித்தான் எழுதுகிறேன். காதலர்களுக்கு மட்டும் அதை எழுதிவைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

கடலுக்கு நடுவே உள்ள வெனிசுக்கு ரயில் பாலம் 1846-ல் வந்தது. அதுவரை படகு ஒன்றே வழி. வண்டிகள் போகும் பாலம் 1933-ல்தான் கட்டினார்கள். அந்தச் சாலையும் ஊரின் விளிம்போடு நின்றுவிடுகிறது. சாந்தா லூச்சியா நிலையத்தின் வாசற்படி இறங்கினால் எதிரே ஆட்டோ கிடையாது, பேருந்து கிடையாது, பெருங்கால்வாய்தான். ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரை வளைந்து வளைந்து அறுத்துக்கொண்டு போகிறது. நாங்கள் அங்கேயே ஓரமாக ஒதுங்கி நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தோம். ஒரு படகில் சலவை இயந்திரமும் இரண்டு மெத்தையும் போயின. அடுத்ததில் குப்பை. இன்னொன்றில் தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கடுக்காக, மேலே ஒரு நாய். ஆம்புலன்ஸும் படகுதான், தீயணைப்பும் படகுதான். இடுகாடு சான் மிகேலே என்ற தனித் தீவில் இருப்பதால் இறந்தவர்களையும் தண்ணீர் வழியாகவே கொண்டுபோகிறார்கள். தோழி கையெடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நிலையத்திலிருந்து வரும் கூட்டம் முழுவதும் ஒரே திசையில் போகும். சுவர்களில் ரியால்டோ பாலத்துக்கும் சான் மார்கோ பெருந்திடலுக்கும் அம்புக்குறி போட்ட மஞ்சள் பலகைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபடியே நடப்பார்கள். இரண்டு மணி நேரம் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. நாங்கள் குல்யே பாலத்தை ஏறி இறங்கியதும் இடப்பக்கம் திரும்பிவிட்டோம். கொஞ்ச தூரம் போய், குனிந்து நுழைய வேண்டியது போன்ற ஒரு வாயில். அதற்குள் போனால் பழைய யூதர் குடியிருப்பு. 1516-ல் வெனிஸ் அரசு யூதர்களை இந்தச் சிறு தீவில்தான் வாழ வேண்டும் என்று அடைத்தது. இரவில் கதவைப் பூட்டிக் காவல் போட்டார்கள். அந்தக் காவலுக்கான கூலியும் யூதர்கள் தலையில்தான். 1797-ல் நெப்போலியனின் படை வந்த பிறகே கதவுகளை உடைத்தார்கள். பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் வீடுகளை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். தரையிலிருந்து சாளர வரிசைகளை எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு தளமும் எவ்வளவு தாழ்வு என்பது தெரிகிறது. பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துவிட்ட செய்தி, அந்தச் சாளரங்களுக்குக் கீழே நின்றபோது நெஞ்சைப் பிசைந்தது.

அந்தத் திடலில் மர இருக்கைகள் உண்டு. உட்கார்ந்தோம். நடுவில் கல்லில் செதுக்கிய மூன்று கிணறுகள், இரும்பு மூடி போட்டுப் பூட்டியவை. பள்ளி விட்ட பிள்ளைகள் அவற்றைச் சுற்றிப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கிணறுகளைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடலுக்கு நடுவே உள்ள ஊரில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். ஆகவே அவர்கள் திடலையே தோண்டி, குழியின் அடியிலும் பக்கத்திலும் கடல்நீர் கசியாதபடி களிமண் அப்பினார்கள். நடுவில் செங்கல் உறை. உறைக்கும் களிமண்ணுக்கும் இடையே முழுக்க மணல். மேலே கல் பாவும்போது தரையை இலேசாகச் சரித்து, தாழ்ந்த இடங்களில் துளையிட்ட கல்லைப் பதித்தார்கள். பெய்கிற மழை அந்தத் துளைகளில் இறங்கி, மணலில் வடிகட்டி, அடி வழியாக உறைக்குள் தெளிந்து நிற்கும். மொண்டு குடிக்க வேண்டியதுதான். பெருநிலத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1884-ல். அதுவரை பல நூற்றாண்டுகளாக ஊரின் தாகத்தைத் தீர்த்தது இந்த ஏற்பாடு. கிணறு மட்டுமல்ல, காலடியில் உள்ள திடல் முழுவதும் வடிகட்டி என்பதை நினைத்துப் பாருங்கள்! நம் மாநிலத்தில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பள்ளியில் அதைப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியவள் நான். வெனிசின் இந்தக் கிணற்றையும் அன்றைக்குச் சேர்த்துச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து வடக்கே கன்னாரெஜோ பகுதியின் நீளமான, நேரான கால்வாய்கள். ஒரு கரையில் வீட்டுச் சுவர், மறு கரையில் வெயில் படும் நடைபாதை. கொடியில் துணி காய்கிறது. சந்தைத் தள்ளுவண்டியைப் பாலத்துப் படியில் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்குத் தோழி கை கொடுத்தாள். மதோன்னா தெல்லோர்த்தோ தேவாலயத்தில் ஓவியர் டின்டோரெட்டோவின் கல்லறை இருக்கிறது. அவர் வீடும் பக்கத்திலேயே. பீடத்தின் இரு பக்கமும் கூரை வரைக்கும் எழும் அவருடைய ஓவியங்களை அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

பெருங்கால்வாயைக் கடக்கப் பாலங்கள் நான்குதான். மற்ற இடங்களில் இரண்டு பேர் துடுப்புப் போடும் கடத்துப் படகு உண்டு. சாந்தா சோபியா துறையில் ஆளுக்கு 2 யூரோ கொடுத்து ஏறினால் நேரே எதிரில் மீன் சந்தை. கோண்டோலாவில் ஏறியே தீர வேண்டும் என்கிற ஆசையை இந்த அக்கரைப் பயணத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். கோண்டோலாவுக்கு மாநகராட்சி வைத்திருக்கும் விலை, பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. ஆனால் அது படகுக்கான விலை, ஆளுக்கு அல்ல. ஐந்து பேர் சேர்ந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம். சுற்றுலாப் பக்கங்களில் இதை யாரும் எழுதுவதில்லை.

தூத்துக்குடிக்காரிகளை மீன் சந்தைக்குள் விட்டால் சும்மா இருப்போமா? சுவரில் ஒரு பழைய கல்வெட்டு. எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறது. சாளைக்கு 7, விலாங்குக்கு 25. குஞ்சு மீனை அள்ளாதே என்று சட்டத்தைக் கல்லில் வெட்டி, விற்கிறவன் வாங்குகிறவன் இருவர் கண்ணிலும் படும்படி வைத்த ஊர் அது. நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதல்லவா, நோக்கம் ஒன்றுதான். சந்தையில் இப்போது கடைகள் குறைந்துபோய்விட்டன. வாங்கிச் சமைக்க ஊரில் ஆள் இல்லை என்பதே காரணம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மதியத்துக்குப் பக்கத்துச் சந்தில் நின்றபடியே சாப்பிட்டோம். சாளையைப் பொரித்து, வதக்கிய வெங்காயத்தைக் காடியோடு மேலே பரப்பி, உலர் திராட்சையும் பைன் பருப்பும் தூவி ஊற வைக்கிறார்கள். கப்பலில் போகிறவர்கள் கெடாமல் வைத்துச் சாப்பிடக் கண்டுபிடித்த பக்குவம். புளிப்பும் இனிப்புமாக, மீனின் நெய்மணம் மாறாமல் இருந்தது. சைவர்களுக்கும் கத்தரிக்காய், கூனைப்பூ வைத்த ரொட்டித் துண்டுகள் கிடைக்கும்.

ரியால்டோ பாலத்தைத் தாண்டி சிறிது தூரம் நடந்தால், எனக்கு அந்த நகரத்திலேயே முக்கியமான இடம். சந்து பிரிந்து சந்து போய், பழைய கல் வளைவு ஒன்றின் கீழ் நுழைந்தால் சிறிய முற்றம். மார்கோ போலோவின் குடும்ப வீடு இருந்த இடம். அருகிலுள்ள சுவரில், அவர் வீடு இங்கே இருந்தது என்று 1881-ல் நகராட்சி பதித்த பலகை உள்ளது. 1271-ல் தகப்பனோடும் சிற்றப்பனோடும் சீனாவுக்குப் புறப்பட்டவர், 1295-ல் திரும்பினார். திரும்பும் வழியில் அவர் இறங்கிய துறைகளில் ஒன்று பாண்டியர்களின் காயல். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பழையகாயல்தான் அது. ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததை எழுதியிருக்கிறார். முத்துக்குளிப்பை எழுதியிருக்கிறார், குளிக்கும் ஆட்களைச் சுறா தீண்டாதபடி மந்திரம் ஓதுகிறவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனது வரைக்கும். நம் ஆட்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றதைக்கூட விடவில்லை. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் காயல் என்று எழுதி அடிக்கோடு போட்டவளுக்கு, அந்த முற்றத்தில் நின்றபோது கண் கலங்கிவிட்டது. தோழியின் வீட்டார் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தவர்கள். "எங்க பாட்டன் பூட்டன் முகத்த இந்த வீட்டுக்காரர் பாத்திருப்பாரு, என்ன?" என்று கேட்டாள். பார்த்திருப்பார். தமிழ்நாட்டிலிருந்து வெனிசுக்குப் போகிற ஒவ்வொரு குழுவையும் அங்கே பத்து நிமிடமாவது நிறுத்த வேண்டாமா? சான் மார்கோவிலிருந்து நடக்கிற தூரம்தான். எந்தத் திட்டத்திலும் அது இல்லை.

பக்கத்தில் சான் பர்த்தொலோமியோ திடலில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் மின்னெழுத்தில் ஓர் எண் ஒளிர்கிறது. பழைய வெனிசில் இன்று வாழ்கிறவர்களின் எண்ணிக்கை. 1951-ல் ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்த ஊர். 2022-ல் 50,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. 2023-ல் பயணிகளுக்கான படுக்கைகள் ஊர்க்காரர்களைவிட அதிகமாகிவிட்டன. வாடகை ஏறிவிட்டது, முகமூடிக் கடைகள் பெருகி மளிகைக் கடைகள் குறைந்துவிட்டன. இளையவர்கள் பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்விட்டார்கள். காலையில் வந்து மாலையில் போகும் கூட்டத்தால் ஊருக்கு நெரிசலும் குப்பையும் மிஞ்சுகிறதே தவிர வருமானம் அதிகமில்லை. அதனால்தான் 2024-ல் நெரிசல் மிகுந்த 29 நாட்களில் பகல்பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். 2025-ல் அது 54 நாட்கள் ஆனது, தாமதமாகப் பதிகிறவர்களுக்கு 10 யூரோ. இரவு தங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை. 25 பேருக்கு மேற்பட்ட குழுக்களையும் வழிகாட்டிகளின் ஒலிபெருக்கியையும் 2024-ல் தடை செய்தார்கள். நம்மவர்கள் நாற்பது, ஐம்பது பேராக ஒரு பேருந்தில் போகிறோம். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டிய பொறுப்பு யாருடையது?

பிற்பகலில் கால் வலித்தபோது 1-ஆம் எண் நீர்ப்பேருந்தில் ஏறி அக்காதெமியாவில் இறங்கினோம். 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, நாள் முழுவதுக்கும் எடுத்தால் 25. சான் த்ரோவாசோ என்ற இடத்தில் கோண்டோலா கட்டும் பட்டறை இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள். எதிர்க்கரையில் நின்றால் எல்லாம் தெரியும். ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் படகு கோணலாக இருக்கும். கோளாறு அல்ல, கணக்கு. ஓட்டுகிறவர் பின்புறம் இடது ஓரத்தில் நின்று, வலது பக்கம் ஒரே துடுப்பைப் போடுகிறார். படகு நேர்செவ்வையாக இருந்தால் வட்டமடித்துவிடும். ஆகவே இடப்பக்கத்தை வலப்பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலமாகக் கட்டுகிறார்கள். எட்டு வகை மரம், 280 துண்டுகள், 11 மீட்டர் நீளம். பல நூற்றாண்டுகளாக ஆண்கள் மட்டுமே செய்த கோண்டோலா ஓட்டும் தொழிலில், 2010-ல் ஜார்ஜா போஸ்கோலோ என்ற பெண் தேர்வெழுதித் தேறினார். நம் பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான்கு மணி வாக்கில் சான் மார்கோ கரையில் தமிழ் காதில் விழுந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து குழுவாக வந்தவர்கள். ஓர் அம்மா என் சேலையைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அக்கா, வெனிசுங்கறது இவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். கண்ணாடிப் பொருள் கடையில் ஒரு மணி நேரம், கழிப்பறை தேடியதில் அரை மணி நேரம், மிச்சத்தில் கொடி பிடித்தவர் பின்னால் நடந்ததுதான் அவர் பார்த்த வெனிஸ். பெருமூச்சுப் பாலத்தின் கீழ் காதலர்கள் முத்தமிட்டால் காதல் நிலைக்குமாம் என்று வழிகாட்டி சொன்னாராம். தண்டனை பெற்றவர்களை அரண்மனையிலிருந்து சிறைக்கு நடத்திப்போன பாலம் அது. அதைச் சொல்லவில்லை. அந்த அம்மா மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் கொடி நகர்ந்துவிட்டது. வாழ்நாளில் ஒருமுறை, சேர்த்து வைத்த பணத்தில் வந்தவர். எனக்கு மனசே ஆறவில்லை.

ஏழு மணிக்கு மேல் அதே சான் மார்கோ வேறு ஊர். பகல் கூட்டம் ரயிலுக்கும் பேருந்துக்கும் போயாயிற்று. 1499-ல் கட்டிய மணிக்கூண்டின் உச்சியில் இரண்டு வெண்கல மனிதர்கள் சம்மட்டி ஓங்கி மணியடிக்கிறார்கள். 1720-லிருந்து நடக்கும் காப்பிக் கடையின் முன்னால் வயலின் வாசிக்கிறார்கள். உட்கார்ந்தால் பாட்டுக்கும் சேர்த்துக் காசு. நின்று கேட்டால் இலவசம். நாங்கள் நின்றே கேட்டோம். ஓரத்தில் நீளமான பலகை மேடைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் கடல் ஏறினால் மக்கள் நடப்பதற்கு. 2019 நவம்பரில் 187 சென்டிமீட்டர் ஏறி ஊரையே மூழ்கடித்த பிறகு, 2020 அக்டோபரிலிருந்து வெனிசைச் சூழ்ந்த உப்பங்கழி கடலோடு சேரும் மூன்று வாயில்களிலும் 78 தடுப்புக் கதவுகளை எழுப்பிக் கடலைத் தடுக்கிறார்கள். விடுதிக்குத் திரும்பும்போது கால்வாய் ஓரத்தில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. கல்லூரியில் விளக்கை அணைத்த பிறகு பேசுவோமே, அப்படிப் பேசிக்கொண்டே நடந்தோம். அவள் கணவர் போனதைப் பற்றி முதல்முறையாக என்னிடம் முழுதாகச் சொன்னது அன்றிரவுதான்.

தங்கியது கன்னியர் மடம் நடத்தும் விருந்தினர் இல்லம். இப்படிப் பல மடங்கள் அறை விடுகின்றன. ஆடம்பரம் இல்லை, சுத்தம் உண்டு, வாசல் கதவை இரவில் குறித்த நேரத்தில் பூட்டிவிடுவார்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு மிகவும் ஏற்றது. தெருக்குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். சான் மார்கோவில் படியில் உட்கார்ந்தாலும், புறாவுக்கு இரை போட்டாலும் அபராதம். பாலங்களில் பெரும்பாலும் படிதான். சக்கரப் பெட்டியைப் படோவாவிலோ ரயில் நிலையத்திலோ வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு போவது நல்லது.

ஐயா, உங்கள் இணைப்பைப் படித்துத்தான் எங்கள் ஊரில் பலர் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அடுத்து ஐரோப்பியச் சுற்றுலா பற்றி எழுதும்போது, வெனிசில் ஓர் இரவு தங்குவதற்கான வழியையும், பழையகாயலுக்கு வந்து போன மனிதரின் முற்றத்துக்குப் போகும் வழியையும் சேர்த்து வெளியிடுங்கள். பணம் கட்டும் முன்பு, வெனிசில் எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் இறக்கிவிடுவீர்கள், தங்க ஏற்பாடு உண்டா என்று நிறுவனத்தாரிடம் கேட்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் அவர்கள் திட்டத்தை மாற்றுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தூத்துக்குடி.